நிக்கல்சனும் பிணையாளர் கையெழுத்தும்

கடந்த தை மாதத்தில் ஒரு மாலை, கிழக்குத் தாம்பரத்தில் உள்ள என் வீட்டுக்கு மூன்று பெண்கள் வந்தனர். வண்டலூரிலிருந்து கேளம்பாக்கம் செல்லும் சாலையை விட்டு உள்ளே விலகியிருக்கும் ஓர் இருளர் குடியிருப்பைச் சேர்ந்தவர்கள். அங்குள்ள 12 குடும்பங்கள் சேர்ந்து மூலிகை நாற்றங்கால் ஒன்றை அமைக்கவும், நாற்றுகளை ஏற்றிச் செல்ல ஒரு சிறிய சுமை வண்டி வாங்கவும் திட்டமிட்டிருந்தன. அதற்கு 6 லட்சம் ரூபாய் கடன் தேவைப்பட்டது. வங்கியில் எல்லாத் தாள்களையும் பார்த்துவிட்டு, கடைசிப் பக்கத்தில் பிணையாளர் என்று அச்சிட்டிருந்த இடத்தில் அரசு ஊழியர் அல்லது ஓய்வூதியர் ஒருவரின் கையெழுத்து வேண்டும் என்று சொல்லி அனுப்பிவிட்டார்கள். அவர்களுக்கு அறிமுகமான ஒரே ஓய்வூதியர் நான்தான்.

கூட்டுறவுத் துறையில் 31 ஆண்டுகள் தணிக்கையாளராக இருந்தவன் நான். பரஸ்பரப் பிணையின் மேன்மையைப் பற்றிப் பயிற்சி வகுப்புகளில் மணிக்கணக்கில் பேசியிருக்கிறேன். ஆயினும் அன்று கையெழுத்திடவில்லை. படித்துப் பார்த்துச் சொல்கிறேன் என்று படிவத்தை வாங்கி வைத்துக்கொண்டேன். அந்தப் பெண்கள் எதுவும் சொல்லாமல் எழுந்து போனார்கள். அன்றிரவு எனக்கு நினைவில் வந்தவர், பயிற்சிக் காலத்தில் முதல் நாள் முதல் பாடமாக நான் படித்த ஃபிரெடரிக் அகஸ்டஸ் நிக்கல்சன். தமிழகத்தில் கூட்டுறவைப் பற்றிப் பேசும் எவரும் அவர் பெயரிலிருந்துதான் தொடங்குவார்கள். ஆனால் பாடப்புத்தகத்தில் நான்கு வரியாகச் சுருங்கிவிட்ட அந்த மனிதரின் வாழ்க்கை, என் மேசை மீது கிடந்த படிவத்தோடு நேரடித் தொடர்புடையது என்பதை அன்றைக்குத்தான் உணர்ந்தேன்.

நிக்கல்சன் 1846-இல் இங்கிலாந்தில் பிறந்தார். அதே ஆண்டின் இறுதியில் ஜெர்மனியின் வெஸ்டர்வால்டு மலைப்பகுதியில் கடும் பஞ்சம் தலைகாட்டியது. அங்கு வையர்புஷ் என்ற சிற்றூரின் தலைவராக இருந்த ஃபிரெடரிக் வில்ஹெல்ம் ரைஃபைசன் என்ற இளைஞர், ஊரார் சிலரிடம் பணம் திரட்டித் தானியம் வாங்கி, ஏழைகளுக்கு ரொட்டி கிடைக்கச் செய்தார். பிற்காலத்தில் உலகமெங்கும் பரவிய கிராமக் கடன் சங்கங்களுக்கு அதுவே வித்து. ஒருவர் பிறந்த ஆண்டையொட்டியே மற்றவரின் பணியும் தொடங்கியது தற்செயல்தான். ஆனால் ரைஃபைசனின் பெயரை இந்தியாவுக்குக் கொண்டுவந்து சேர்க்கும் வேலை நிக்கல்சனுக்கு வாய்த்தது.

ஆக்ஸ்ஃபோர்டில் படித்து, 1869-இல் இந்திய ஆட்சிப் பணியில் சேர்ந்து அவர் சென்னை மாகாணத்துக்கு வந்தார். அவர் பணியில் சேர்ந்த சில ஆண்டுகளில், 1876 முதல் 1878 வரை, தாது வருஷப் பஞ்சம் மாகாணத்தை உலுக்கியது. லட்சக்கணக்கானவர்கள் மடிந்தனர். அந்தத் தலைமுறை அதிகாரிகள் பலரை அந்தப் பஞ்சம் இரண்டாகப் பிரித்தது எனலாம். வானத்தையும் மக்களின் சோம்பலையும் குறை சொல்லிவிட்டு ஓய்வூதியத்துக்குக் காத்திருந்தவர்கள் ஒரு வகை. மழை பொய்த்த முதல் மாதத்திலேயே குடியானவன் ஏன் விழுந்துவிடுகிறான் என்று யோசித்தவர்கள் மறு வகை. நிக்கல்சன் இரண்டாம் வகை. அனந்தப்பூர், கோவை, திருநெல்வேலி ஆகிய மாவட்டங்களில் பணியாற்றிய அவர், 1887-இல் கோவை மாவட்டக் கையேட்டை எழுதி முடித்தார். கிணறு, காளை, வாய்க்கால், வட்டி என்று ஒவ்வொன்றையும் எண்ணிப் பார்த்து எழுதும் பழக்கம் அவருக்கு அங்கேதான் படிந்தது.

1892-இல் ஆளுநர் வென்லாக்கின் அரசு அவருக்கு ஒரு தனிப்பணியை அளித்தது. நிலத்தை அடமானமாகப் பெற்றுக் கடன் வழங்கும் விவசாய வங்கிகளை மாகாணத்தில் தொடங்க முடியுமா என்று ஆராய்ந்து சொல்ல வேண்டும் என்பதே அது. சில மாதங்களில் ஒரு சிறு குறிப்பு எழுதி முடித்திருக்கலாம். நிக்கல்சன் அப்படிச் செய்யவில்லை. ஐரோப்பிய நாடுகளின் கடன் அமைப்புகள் ஒவ்வொன்றையும் தோண்டித் துருவினார். நம் ஊர் நிதிகளையும் விடவில்லை. மயிலாப்பூரில் 1872-இல் தொடங்கிய இந்து பெர்மனன்ட் ஃபண்ட் போன்ற நிறுவனங்கள், சம்பளம் வாங்கும் நகரத்து மக்கள் தமக்குள் பணம் சேர்த்துத் தமக்குள் கடன் கொடுத்துக்கொள்ளும் ஏற்பாடுகள். அவற்றுள் நன்றாக நடந்தவையும் உண்டு, மோசடியில் மூழ்கியவையும் உண்டு. இரண்டிலிருந்தும் அவர் பாடம் எடுத்துக்கொண்டார்.

அறிக்கையின் முதல் பாகம் 1895-லும் இரண்டாம் பாகம் 1897-லும் வெளிவந்தன. சென்னை மாகாணத்துக் கிராமங்களின் மொத்தக் கடன் 45 கோடி ரூபாய் என்று அவர் கணித்தார். அக்காலத்தில் அப்படி ஒரு தொகையைச் சொல்லத் துணிந்தவர் வேறு யாரும் இல்லை. கடன் வாங்குவது குடியானவனின் குணக்கேடு என்ற எண்ணத்தையும் அவர் மறுத்தார். உழவு இருக்கும் இடமெல்லாம் கடன் இருந்தே தீரும். பண்டைய ரோமாபுரியிலும் அப்படித்தான், அவர் காலத்து ஐரோப்பாவிலும் அப்படித்தான் என்பது அவர் வாதம். கேடு கடனில் இல்லை, அது வரும் வழியில் இருக்கிறது என்றார்.

அரசு கேட்டது நில வங்கியை. அவர் பரிந்துரைத்ததோ ரைஃபைசன் சங்கத்தை. அந்த மாபெரும் அறிக்கையின் சாரத்தை அவர் இரண்டே சொற்களில் அடக்கினார் என்று கூட்டுறவாளர்கள் இன்றும் சொல்வதுண்டு: நமக்கான ரைஃபைசன்களைத் தேடிக் கண்டுபிடியுங்கள் என்பதே அவற்றின் பொருள். ஒரு கிராமத்தின் எல்லைக்குள் ஒருவரையொருவர் நன்கறிந்தவர்கள் ஒரு சங்கமாகச் சேர வேண்டும். ஒருவர் வாங்கும் கடனுக்கு எல்லோரும் தங்கள் முழுச் சொத்தோடு பொறுப்பேற்க வேண்டும். நிர்வாகிகள் ஊதியம் பெறக் கூடாது. எதற்காகக் கடன் என்பதைச் சங்கம் கேட்டறிந்த பிறகே கொடுக்க வேண்டும். கடன் வாங்குபவரின் ஒழுக்கமும் உழைப்புமே முதல் பிணை. வெளியிலிருந்து வரும் அதிகாரி ஒருபோதும் அறிய முடியாத ஒன்றை, அதாவது யார் சொன்ன சொல்லைக் காப்பவர் என்பதை, பக்கத்து வீட்டுக்காரர் அறிவார். அந்த அறிவையே பணமாக மாற்றும் உத்தி இது.

இன்று படித்தாலும் வியக்க வைக்கும் யோசனை. சென்னை அரசு அதை உடனே செயல்படுத்தவில்லை. நம் அலுவலகங்களில் அறிக்கைகளுக்கு நேரும் கதி அன்றும் அதுவே. ஆனால் 1901-இல் பஞ்ச ஆணையத்தில் நிக்கல்சன் உறுப்பினரானார். அதே ஆண்டில் எட்வர்டு லா தலைமையில் அமைந்த குழுவிலும் இடம்பெற்றார். அதன் விளைவாக, கர்சன் ஆட்சிக் காலத்தில், 1904 மார்ச்சில் கூட்டுறவுக் கடன் சங்கங்கள் சட்டம் நிறைவேறியது. மாகாணத்தின் முதல் கிராமக் கடன் சங்கம் அதே ஆண்டில் அன்றைய செங்கல்பட்டு மாவட்டத்தில் இருந்த திரூரில் தோன்றியது. இன்று அவ்வூர் திருவள்ளூர் மாவட்டத்தில் இருக்கிறது. பணிக்காலத்தில் ஒருமுறை அவ்வழியே சென்றபோது, வேலை ஏதும் இல்லாதபோதும் இறங்கி ஒரு தேநீர் குடித்துவிட்டு வந்தேன்.

இதுவரை சொன்னது பாடப்புத்தகத்திலும் உண்டு. என் மனத்தில் தைத்தது அதில் இல்லாதது. அண்டை வீட்டார் அனைவரும் தங்கள் முழுச் சொத்தோடு பொறுப்பேற்பது என்றால், அண்டை வீட்டாரில் சிலருக்கேனும் சொத்து இருக்க வேண்டும். நிக்கல்சனின் அறிக்கை பட்டா உள்ள குடியானவரைப் பற்றியது. அவர்கள் பத்துப் பேர் சேர்ந்தால் பத்து நிலங்கள் பிணையாகின்றன. நிலமே இல்லாத 12 இருளர் குடும்பங்கள் சேர்ந்தால்? ஒழுக்கம் இருக்கிறது, உழைப்பு இருக்கிறது, ஒருவரையொருவர் அறிந்த அறிவும் இருக்கிறது. அவர்களின் பரஸ்பரப் பிணை நூற்றுக்கு நூறு உண்மையானது. ஆனால் வங்கியின் கணக்கில் பூஜ்யத்தைப் பன்னிரண்டால் பெருக்கினாலும் பூஜ்யம்தான்.

பிணையில்லாமல் இருளருக்குக் கடன் கொடுத்தவர்களே இல்லையா என்றால், இருந்தார்கள். செங்கல்பட்டு, திருவள்ளூர் வட்டாரங்களின் அரிசி ஆலைகளும் மரம் வெட்டும் ஒப்பந்தக்காரர்களும் முன்பணம் கொடுத்தார்கள். அந்தக் கடனுக்கு அடமானம், வாங்கியவரின் உடலும் அவர் பிள்ளைகளின் பள்ளி வயதும். கொத்தடிமை ஒழிப்புச் சட்டம் 1976-இல் வந்த பிறகும் பல ஆண்டுகள் மீட்பு நடவடிக்கைகள் நடந்துகொண்டே இருந்தன என்பதைச் செய்தித்தாள் படிப்பவர் அறிவர். ஆகவே சொத்தில்லாதவருக்கு யார் பிணை நிற்பது என்ற கேள்விக்கு விடை கிடைக்காதவரை, ஆலைக்காரரின் விடையே நடப்பில் இருக்கும்.

நிக்கல்சன் இதை அறியாதவர் அல்லர் என்றே நினைக்கிறேன். அதற்குச் சான்று, அவருடைய வாழ்க்கையின் பிற்பகுதி. 58, 59 வயதில் மற்ற ஐ.சி.எஸ். அதிகாரிகள் இங்கிலாந்தில் தோட்டம் வளர்க்கப் போய்விடும் காலத்தில், அவர் கடற்கரைக்குப் போனார். 1905-இல் மாகாணத்தின் மீன்வளத்தை ஆராயும் பணியை ஏற்றார். பின்னர் மீன்வளத் துறையின் கௌரவ இயக்குநராக, அதாவது சம்பளமில்லாமல், 1918 வரை உழைத்தார். ஜப்பானின் மீன்பிடித் தொழிலைப் பற்றி அவர் எழுதிய குறிப்பு 1907-இல் வெளியாயிற்று. எண்ணூரில் ஒரு சோதனை நிலையம். அடுத்து மலபார்க் கரையில் தானூரில் இன்னொன்று. மத்தி மீனைக் காய்ச்சி எண்ணெய் எடுப்பதும் மிச்சத்தை உரமாக்குவதும் எப்படி என்று அங்கே செய்து காட்டினார்கள்.

இங்கே அவர் செய்த ஒரு தேர்வைக் கவனிக்க வேண்டும். பெரிய முதலாளிகளை அழைத்து வந்து பெரிய ஆலை ஒன்றைக் கட்டச் செய்து, மீனவரை அதன் கூலியாட்களாக ஆக்குவது எளிய வழி. மாகாணத்தின் ஏற்றுமதிக் கணக்கு அதனால் விரைவிலேயே உயர்ந்திருக்கும். அவரோ சிறிய செலவில் மீனவர்களே நடத்தக்கூடிய கொதிகலன் முறையைத் தேர்ந்தெடுத்துப் பரப்பினார். சில ஆண்டுகளுக்குள் மேற்குக் கரையில் அத்தகைய சிறு ஆலைகள் நூற்றுக்கணக்கில் எழுந்தன. மீனவருக்கு நிலம் இல்லை. படகும் வலையும் பெரும்பாலும் கடனில் மூழ்கியவை. கடன் கொடுத்தவரே மீனுக்கு விலை சொல்பவரும். ஆகவே அந்தக் கரையில் அரசின் சோதனை நிலையமே முதல் நட்டத்தை ஏற்றது. தொழில் பலிக்குமா என்ற ஐயத்தின் சுமையை மீனவர் தலையில் வைக்கவில்லை. பிணை என்ற சொல்லை யாரும் பயன்படுத்தியிருக்க மாட்டார்கள். ஆனால் நடந்தது அதுதான். அறிக்கை எழுதிய நிக்கல்சனைவிட மத்தி எண்ணெய் காய்ச்சிய நிக்கல்சனே எனக்கு நெருக்கமானவராகத் தோன்றுகிறார்.

அரசு பிணை நிற்பது இந்த நாட்டுக்குப் புதிதும் அன்று. தாம்பரத்தில் இருந்து தினமும் நாம் ஏறும் ரயில் பாதையையே எடுத்துக்கொள்வோம். 1870-களில் சென்னையிலிருந்து செங்கல்பட்டு வழியாகத் தெற்கே பாதை போட்ட தென்னிந்திய ரயில்வே கம்பெனி, லண்டனில் முதல் திரட்டிய தனியார் நிறுவனம். முதலீட்டாளர்களுக்குக் குறிப்பிட்ட வட்டி கிடைத்தே தீரும் என்று அரசு உத்தரவாதம் அளித்திருந்தது. ரயிலில் லாபம் வராத ஆண்டுகளில் அந்த வட்டி இந்தியர்களின் வரிப்பணத்திலிருந்து போயிற்று. லண்டன் பங்குதாரருக்கு நம் குடியானவர் பிணை நின்றார் என்று சொன்னால் மிகையில்லை.

இன்னொன்றும் உண்டு. நிக்கல்சனிடம் முதலில் கேட்கப்பட்ட நில அடமான வங்கி 37 ஆண்டுகள் கழித்து வந்தே விட்டது. 1929-இல் சென்னையில் மத்திய நில அடமான வங்கி பதிவாயிற்று. நாட்டிலேயே அத்தகைய முதல் வங்கி அது. அது வெளியிட்ட கடன் பத்திரங்களின் முதலுக்கும் வட்டிக்கும் மாகாண அரசு உத்தரவாதம் கொடுத்தது. நல்ல ஏற்பாடு. பழைய கடன்களிலிருந்து பல குடும்பங்களை அது மீட்டது. ஆனால் அதன் வாசலில் நிற்கவே நிலம் வேண்டும். நிலம் உள்ளவருக்கு நிலமும் பிணை, அரசும் பிணை. நிலம் இல்லாதவருக்கு இரண்டும் இல்லை. அப்போது நிக்கல்சன் குன்னூரில் முதுமையைக் கழித்துக்கொண்டிருந்தார். 1935-இல் மாகாணத்துக் கிராமக் கடன் 200 கோடியைத் தாண்டிவிட்டதாக அரசின் சிறப்பு அதிகாரி கணித்தார். தாம் 45 கோடி என்று எழுதிய காலத்திலிருந்து நான்கு மடங்குக்கும் மேல் அது வளர்ந்திருந்தது. அடுத்த ஆண்டில், ஏறத்தாழ 90 வயதில், நிக்கல்சன் குன்னூரிலேயே காலமானார்.

அவர் மறைந்து 42 ஆண்டுகளுக்குப் பிறகு, தாம்பரத்திலிருந்து ஒன்றரை மணி நேரப் பயணத் தொலைவில், கிழக்குக் கடற்கரைச் சாலையில் உள்ள வடநெம்மேலியில், நிக்கல்சன் பார்த்திருந்தால் மகிழ்ந்திருக்கக்கூடிய ஒன்று நடந்தது. பாம்புத் தோல் வணிகத்துக்காகப் பாம்பு பிடித்து வாழ்ந்த இருளர்களின் பிழைப்பு, 1972-ஆம் ஆண்டின் வன உயிரினப் பாதுகாப்புச் சட்டத்துக்குப் பின் முடங்கியது. 1978-இல் ரோமுலஸ் விட்டேக்கரின் முயற்சியோடு இருளர் பாம்பு பிடிப்போர் தொழில் கூட்டுறவுச் சங்கம் உருவாயிற்று. நல்லபாம்பு, கட்டுவிரியன், கண்ணாடி விரியன், சுருட்டை விரியன் ஆகிய நான்கையும் உயிரோடு பிடித்து, சில வாரங்கள் வைத்திருந்து நஞ்செடுத்து, மீண்டும் காட்டிலேயே விட்டுவிடுகிறார்கள். நாட்டின் பாம்புக்கடி மருந்துக்குத் தேவையான நஞ்சில் பெரும்பகுதி இங்கிருந்தே செல்கிறது. இச்சமூகத்தைச் சேர்ந்த மாசி சடையன், வடிவேல் கோபால் இருவருக்கும் 2023-இல் பத்மஸ்ரீ விருது கிடைத்தது.

அந்தச் சங்கத்துக்கு எது அடமானம்? மண்ணில் தெரியும் ஒரு கோடு பாம்பு போன தடமா, ஓணான் போன தடமா என்று சொல்லும் அறிவுதான். அந்த அறிவை எந்த வங்கியும் மதிப்பிட்டதில்லை. அரசு கொடுத்த உரிமமே அதைச் சந்தைக்குரிய சொத்தாக்கியது. உரிமம் தாமதமாகும் ஆண்டில் சங்கம் திணறுகிறது என்பதும் உண்மை. ஆனாலும் அரசு பின்னால் நின்றால் நிலமற்ற பழங்குடிகள் ஒரு தொழிலுக்கே உரிமையாளர்கள் ஆகலாம் என்பதற்கு நம் கண்முன் உள்ள சான்று இது. தமிழகத்தில் இருளர்களின் எண்ணிக்கை 2011 கணக்கெடுப்பின்படி ஏறத்தாழ 1 லட்சத்து 90 ஆயிரம். சங்கத்தில் இருப்பவர்களோ சில நூறு பேர்.

உலகின் மறுகோடியில் இதே கேள்வியைப் பெரிய அளவில் எதிர்கொள்கிறார்கள். கனடாவின் இந்தியர் சட்டப்படி, ஒதுக்கப்பட்ட நிலத்தில் உள்ள பூர்வகுடியினரின் சொத்தை வெளியார் கடனுக்காகப் பறிமுதல் செய்ய முடியாது. நிலம் பறிபோகாமல் காக்கும் சட்டம்தான். ஆனால் பறிக்க முடியாததை அடமானம் வைக்கவும் முடியாது. அதனால் தங்கள் நிலத்தின் வழியே எண்ணெய்க் குழாய்களும் மின்தடங்களும் போவதைப் பல தலைமுறைகள் வேடிக்கை பார்த்தார்கள். 2019-இல் ஆல்பர்ட்டா மாநிலம் பூர்வகுடிகளின் முதலீட்டுக் கடனுக்கு உத்தரவாதம் தரத் தனி நிறுவனம் ஒன்றை அமைத்தது. 2022-இல் 23 பூர்வகுடிச் சமூகங்கள் சேர்ந்து, அந்த உத்தரவாதத்தின் துணையோடு, ஏழு குழாய்த் தடங்களில் ஏறத்தாழ 110 கோடி டாலருக்குப் பங்கு வாங்கின. 2024-இல் கனடாவின் மத்திய அரசும் 500 கோடி டாலர் உத்தரவாதத் திட்டத்தை அறிவித்து, மறு ஆண்டே அதை இரு மடங்காக்கியது. அங்கும் விமர்சனம் உண்டு. எண்ணெய்க் குழாயை எதிர்ப்பவரின் வாயை அடைக்கும் வழி இது என்போர் இருக்கிறார்கள். திட்டம் நட்டமானால் கடனோடு யார் நிற்பது என்ற அச்சமும் இருக்கிறது. இவை தள்ளிவிடக்கூடிய கேள்விகள் அல்ல. ஆனால் எதிர்ப்பதற்கும் ஏற்பதற்கும் முன்னால், பங்குதாரராக மேசையில் உட்காரும் வாய்ப்பு அவர்களுக்கு வந்திருக்கிறது.

நம்மிடம் உத்தரவாதமே இல்லை என்று சொல்வது நியாயமாகாது. குறு, சிறு நிறுவனங்களுக்கான கடன் உத்தரவாத அறக்கட்டளை 2000-இல் வந்தது. தேசியப் பழங்குடியினர் நிதி மற்றும் மேம்பாட்டுக் கழகம் 2001-இல் வந்தது. 2016-இல் தொடங்கிய ஸ்டாண்ட் அப் இந்தியா திட்டம், பட்டியல் சமூகத்தவர், பழங்குடியினர், பெண்கள் ஆகியோரின் புதிய தொழில்களுக்கு 10 லட்சம் முதல் 1 கோடி வரை கடனையும் அதற்கு உத்தரவாத நிதியையும் வைத்தது. என்னிடம் வந்த பெண்களுக்குத் தேவையோ 6 லட்சம். ஏழ்மையில்கூட அவர்கள் திட்டத்தின் தரைமட்டத்துக்குக் கீழே இருந்தார்கள். சிறு கடனுக்கு ஈடு கேட்கக் கூடாது என்ற விதிகளும் உள்ளன. கிளை மேலாளரோ, கடன் வராக்கடன் ஆனால் பதில் சொல்லப் போவது தாம்தானே என்று நினைக்கிறார். உத்தரவாதம் தில்லியில் இருக்கிறது, பயம் கிளையில் இருக்கிறது. அந்தப் பயம்தான் என் வீட்டுக்கு மூன்று பெண்களை அனுப்பி வைத்தது. அவரை நான் குறை சொல்ல மாட்டேன். அதே பயத்தால்தானே நானும் படிவத்தை மேசையில் வைத்துக்கொண்டேன்.

வேறுபாடு இன்னொன்றும் உண்டு. நம் திட்டங்கள் தனியொருவரின் பெட்டிக்கடைக்கும் ஆட்டோவுக்கும் பிணை நிற்கின்றன. ஒரு சமூகம் தன் ஊரில் எழும் பெருந்திட்டத்தில் பங்கு வாங்குவதற்குப் பிணை நிற்பது பற்றி நாம் யோசித்ததே இல்லை. வடநெம்மேலிக்கு அருகே நெம்மேலியில் கடல்நீரைக் குடிநீராக்கும் ஆலை 2013-இல் நாளொன்றுக்கு 10 கோடி லிட்டர் திறனோடு தொடங்கியது. 2024-இல் 15 கோடி லிட்டர் திறனுள்ள இரண்டாவது ஆலை திறக்கப்பட்டது. அடுத்து பேரூரில் ஜப்பானின் கடனுதவியோடு 40 கோடி லிட்டர் ஆலை. அந்த வெளிநாட்டுக் கடன் வருவது இந்திய அரசின் பொறுப்பில். தென்சென்னையின் தாகத்துக்கு இவை தேவை என்பதில் எனக்கு ஐயமில்லை. அந்தக் கரையின் மீனவர்களும், அதையொட்டிய புதர்க்காடுகளில் வாழ்ந்த இருளர்களும் அவற்றில் காவலாளியாகவோ துப்புரவுப் பணியாளராகவோ சேரலாம். நூறில் ஒரு பங்குக்காவது அவர்களின் சங்கம் உரிமையாளராக, அதற்கான கடனுக்கு அரசு பிணை நின்றால் என்ன? ரயில் கம்பெனிக்கு நின்றோம். நில அடமான வங்கிக்கு நின்றோம். மத்தி எண்ணெய்க்கு, ஒரு கிழட்டு ஐ.சி.எஸ். அதிகாரியின் பிடிவாதத்தால், ஓரளவு நின்றோம்.

இரவோடு இரவாக ஆகக்கூடியதல்ல இது. பங்கின் பெயரில் இடைத்தரகர்கள் நுழைவார்கள். சங்கத்தின் பெயரில் யாரோ ஒருவர் கையெழுத்துப் போட்டுக் காசை எடுத்துச் செல்வார். இப்படி எழுந்து விழுந்த சங்கங்களின் பேரேடுகளை 31 ஆண்டுகள் பார்த்தவன் என்பதால் சொல்கிறேன். அங்குதான் நிக்கல்சனின் பழைய நிபந்தனைகள் உதவும்: சிறிய எல்லை, ஒருவரையொருவர் அறிந்த உறுப்பினர்கள், எதற்குக் கடன் என்ற கேள்வி, ஒழுங்கான தணிக்கை. நம்பிக்கையை அந்த மக்கள் கொடுக்கட்டும். அவர்களால் கொடுக்க முடியாத அந்தச் சொத்து ஈட்டை மட்டும் அரசு கொடுத்தால் போதும்.

பங்குனியில் அந்தக் குடியிருப்புக்குப் போனேன். நாற்றங்காலுக்கென்று நிழல் வலை கட்ட ஏற்கெனவே கம்பு நட்டிருந்தார்கள். ஒரு மூதாட்டி ஒவ்வொரு செடியின் பெயரையும் சொல்லிக்கொண்டே வந்தார். எனக்குப் பாதிக்கு மேல் தெரியவில்லை. அவர்களுக்கு வீட்டுமனைப் பட்டா இருக்கிறது. விற்கவோ பிறருக்கு மாற்றவோ கூடாது என்ற நிபந்தனைப் பட்டா. கனடாவின் சட்டத்தைப் போலவே அது அவர்களைக் காக்கிறது, அதனாலேயே வங்கியில் செல்லாது. மறுநாள் வங்கிக்குச் சென்று கையெழுத்திட்டேன். என் ஓய்வூதியத்தைக் கணக்கிட்டுப் பார்த்துவிட்டு, 2 லட்சம் வரைதான் என்னைப் பிணையாளராக ஏற்க முடியும் என்றார்கள்.

மீதி 4 லட்சத்துக்கான இடம் நிரப்பப்படாமல் இருக்கிறது. ஐப்பசி மழைக்கு நாற்று தயாராக வேண்டுமானால் ஆடியில் விதை ஊன்றிவிட வேண்டும் என்று அந்தப் பெண்கள் சொல்லியிருக்கிறார்கள்.